அண்ணியின் உறைமாவு

மகள் வீட்டில் ஓட்ஸ் ரொட்டி சுடும் நாட்களில் எனக்கு ஒரு வேலை உண்டு. துணியை விலக்கி, மாவு தயாராகிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "உப்பியிருக்கு" என்பேன். "ஏறியிருக்கு" என்று சொல்ல இந்த வயதிலும் நாக்கு எழாது. நான் வளர்ந்த கோலார் தங்கவயலில் அந்தச் சொல் மாவுக்கு உரியதல்ல. சுரங்கத்துக்குள் ஷிஃப்டுக்குப் போனவரை "எறங்கிட்டாரு" என்போம். கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வந்துவிட்டால் "ஏறிட்டாரு". சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பெண்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே "ஏறிட்டாரா?" என்றுதான்.

என் அண்ணி தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் ஒரு துரை பங்களாவில் சமையலுக்கு இருந்தாள். துரைசானி சீமைக்குக் கிளம்பும்போது ஓட்ஸ் டப்பாக்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ரொட்டி சுடும் பக்குவம் அதற்கு முன்பே அண்ணியின் கைக்கு வந்திருந்தது. ஓட்ஸோடு கோதுமை மாவும் சேர்த்த முதல் மாவைக் கள் ஊற்றிப் புளிக்க வைத்தாள். பிறகு தயிருக்கு உறை எடுப்பதுபோல ஒவ்வொரு முறையும் ஒரு பிடியை எடுத்து வைத்து, அடுத்த மாவில் சேர்த்துப் பிசைந்தாள். பெரிய குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டால் அதுதான் எங்கள் ஓவன். மணலும் ஆற்று மணலாக இருக்க வேண்டும். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டு மணலை வாசலுக்குள் விடமாட்டாள். மீந்த ஓட்ஸில் வெல்லம் கலந்து பிஸ்கோத்து செய்வாள். குதிரைத் தீனி என்று கிண்டல் செய்துகொண்டே நான் அள்ளி அள்ளித் தின்பேன். "நான் ஏறத்துக்குள்ள மாவு ஏறணும், இன்னா?" என்று அவளைச் சீண்டிவிட்டுத்தான் அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்புவான். அவன் இறங்கும் சங்கு ஊதியதும் அவள் பிசைய உட்காருவாள். மாவு விளிம்பைத் தொடும் நேரத்துக்கு அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் பிற்பகலில் பூமி உதறியது. ஏர் பிளாஸ்ட் எங்களுக்குப் புதிதல்ல. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும். அன்று அடுக்குப் பானைகளே சரிந்தன. அந்தக் குலுக்கலில் மாவு அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கவில்லை. துணியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. லைன் பெண்களோடு நானும் கேஜ் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினேன். அண்ணி வரவில்லை. "மாவு ஏறிக்கினே கீது பாரு. அவரும் ஏறுவாரு. நீ போ" என்றாள்.

அண்ணன் ஏறவில்லை. ஆழத்தில் அவன் வேலை செய்த லெவல், அந்தச் சுரங்கப் பாதை முழுவதும், இடிந்து அடைந்துவிட்டது. தோண்டினால் மேலும் சரியும் என்று வழியைச் சுவர் வைத்து மூடினார்கள். காரியம் செய்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அண்ணி தாலியைத் தொட விடவில்லை. "எறங்கினவரு இன்னும் ஏறல. அவ்ளோதான்" என்றாள். அன்றைய மாவில் ஒரு பிடி எடுத்து வைத்தவள், டப்பா ஓட்ஸ் தீர்ந்த பிறகும் அதையே உறையாக்கிக் கோதுமை மாவில் வருஷக்கணக்கில் பிசைந்துகொண்டிருந்தாள். மார்கழிக் குளிரில் ஊரில் இட்லி மாவு புளிக்காத நாட்களிலும் அது உப்பியது. எனக்கு அந்த மாவுப் பாத்திரத்தைக் கண்டாலே பயம். துணி மெல்ல உயர்வதைப் பார்த்தால், அடியில் யாரோ மூச்சு இழுப்பதாகவே தோன்றும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்தியவள் நான்; வீட்டுக்கு வந்தால் அந்தப் பாத்திரத்துக்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். நான் பிஸ்கோத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பூமி அசையவில்லை, ஆணியில் மாட்டிய கரண்டிகூட ஆடவில்லை. துணிக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. விலக்கிப் பார்த்தால் மாவு அடியோடு அமுங்கிக் கிடந்தது. அண்ணி கையைக் கழுவினாள். கண்ணாடி முன்னால் போய் நின்று பொட்டை அழித்தாள்.

"ஏறிட்டாரு" என்றாள்.

"இன்னா அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன். சற்று நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அண்ணனோடு வேலை செய்த மேஸ்திரி. வேறொரு பக்கமிருந்து மூடிய லெவலுக்கு வழி உடைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் வாயைத் திறக்குமுன் அண்ணியே கேட்டாள்:

"முழுசா ஏறினாரா?"

மேஸ்திரி ஆமென்று தலையாட்டினார்.

உடலைக் கொண்டுவருவதற்குள் அவள் கரியைப் பற்றவைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். "இத்தினி நாளா எரிஞ்ச அடுப்புதானே, வுடுங்க" என்று உதறிவிட்டு, அமுங்கிய மாவு முழுவதையும் வழித்து எடுத்தாள். உறைக்கு ஒரு பிடிகூட வைக்கவில்லை. ரொட்டி உப்பாமல் கல்லாக வெந்தது. பிட்டுப் பிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. என் பங்கை வாயில் போட்டு மென்றேன். விழுங்க முடியாமல் அழுகை வந்தது. அண்ணி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மெதுவா துன்னு" என்றாள்.