நாலாவது குழி

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, கெசீனா லூடர்ஸ் ஒட்டீலியைக் கூப்பிட்டு அனுப்பினாள். இருபத்து மூன்று வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. கெசீனா கூப்பிட்டு அனுப்பியது அதுதான் முதல் தடவை.

ஒட்டீலி ஏப்ரனைக் கழற்றி வைத்தாள். காலணியில் ஒட்டியிருந்த சதுப்பு மண்ணைக் கெசீனா வீட்டு வாசல் இரும்பில் வழித்துவிட்டு உள்ளே போனாள். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். போர்வைக்கு வெளியே கெசீனாவின் கால்கள் வீங்கிக் கிடந்தன. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டேன்," என்றாள் கெசீனா. "என் சாவுக்குக் கேக் நீதான் சுடணும்."

ஒட்டீலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, காது கேக்கலையா?"

"கேட்டுது."

"ஆனா செத்தப்புறம் நான் ருசி பாக்க முடியாது. இப்பவே பாத்துடறேன். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னத் தட்டு சுட்டுக் கொண்டு வா."

அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டில் விருந்தாளிகளுக்காக அடுப்பு மூட்ட மாட்டார்கள். எந்த வீட்டு வாசல் மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த வீட்டுப் பெண் ஆறு தட்டு வெண்ணெய்க் கேக் சுட வேண்டும். கல்யாணத்துக்கும் அதே கேக், அதே ஆறு தட்டு. ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அவள் யார் யாருக்குச் சுட்டாள் என்பதும் சேர்ந்தே வரும். ஒட்டீலி யாருக்கும் சுட்டதில்லை.

கேக்கில் ரகசியம் எதுவும் கிடையாது. மாவு, வெதுவெதுப்பான பால், ஈஸ்ட், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பொங்கிய மாவைத் தட்டு நிறையப் பரப்பி, விரல்களால் வரிசையாகக் குழி போட்டு, குழிக்கு ஒரு துண்டு வெண்ணெய். மேலே சர்க்கரையும் சீவிய பாதாமும். இருபது நிமிஷம். புத்தி மட்டானவளும் சுடலாம். அத்தனை சுலபமான ஒன்றைச் சுட விடாமல் இருபத்து மூன்று வருஷம் வைத்திருந்தார்கள்.

ஒட்டீலி சைலீசியாவிலிருந்து வந்தவள்; அன்று அது ஜெர்மனியின் கிழக்கு ஓரம், போருக்குப் பின் போலந்துக்குப் போய்விட்டது. நாற்பத்தைந்து ஜனவரியில், பதினெட்டு வயதில், அம்மாவோடு பனியில் நடந்து வந்தாள். அம்மா வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். ஒட்டீலியின் வலது சுண்டுவிரல் நுனியைக் குளிர் தின்றுவிட்டது. இங்கே சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் ஹைனோ அவளைக் கட்டிக்கொண்டான். போலிஷில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஊர் அவளைப் போலந்துக்காரி என்றது.

ஐம்பத்திரண்டில் கெசீனாவின் மாமனார் செத்தார். ஒட்டீலி செய்தி கேட்டதும் மாவு பிசைந்து வைத்துவிட்டாள். அவள் வாசலிலிருந்து லூடர்ஸ் வாசலுக்கு நாற்பது தப்படி, நடுவே ஒரு வாய்க்கால். லூடர்ஸ் வீட்டுக்கு மறுபக்கத்தில், வாய்க்கால் குறுக்கிடாமல், வீப்கெயின் வாசல் அறுபது தப்படி. கெசீனா கறுப்பு உடுப்போடு வேலிக்கு வந்தாள்.

"வாய்க்காலைத் தாண்டி எண்ணக் கூடாது. பாலத்தைச் சுத்தி வரணும். அப்படிப் பாத்தா வீப்கெதான் கிட்டம்."

"வாய்க்கால்ல தண்ணியே இல்லையே."

"இன்னிக்கு இல்ல," என்றாள் கெசீனா.

பிசைந்த மாவைக் கோழிகளுக்குப் போட்டார்கள். அறுபதில் கெசீனாவின் புருஷன் செத்தபோது ஒட்டீலி மாவு பிசையவில்லை. வீப்கெ ஆறு தட்டைக் கொண்டு போவதைச் சன்னலிலிருந்து எண்ணினாள்.

இப்போது கெசீனாவே கேட்டுவிட்டாள். ஒட்டீலி அன்று ஹைனோவிடம் சொன்னபோது அவன் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிழவிக்கு ஓசியில கேக் வேணும்," என்றான்.

"சாவுக்கான கேக்கு, ஹைனோ."

"அவ சாவட்டும் முதல்ல."

முதல் சனிக்கிழமை கெசீனா ஒரு துண்டை மென்றுவிட்டு, இன்னொன்றை எடுத்து மென்றுவிட்டு, "உப்பு," என்றாள். அடுத்த வாரம் பால் சூடு அதிகம், ஈஸ்ட் வெந்துபோயிற்று. அதற்கடுத்த வாரம் பாதாம் தடி. "எங்க ஊர் சாவுல பல்லு இல்லாதவங்க நிறையப் பேர் வருவாங்க. மறந்துடாதே."

மே மாதம் அவள் குழிகளைக் கண்டுபிடித்தாள். துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"மூணு குழி ஆழம், நாலாவது மேலாக்குல. வெண்ணெய் வழிஞ்சு ஓடிருக்கு. இது என்ன?"

ஒட்டீலி கையைக் காட்டினாள்.

"அது தெரியும். உன் விரல் கதையைச் சாவு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டிருப்பியா? குழி ஒண்ணு போல இருக்கணும்."

அடுத்த வாரம் ஒட்டீலி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது குழி இல்லடி, கிணறு," என்றாள் கெசீனா. அந்தத் துண்டையும் தின்றாள்.

மரக்கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தாள். "பன்னிக்குளம்பு பட்ட மாதிரி இருக்கு." மறுபடி விரல்களுக்கே வந்தாள். சுண்டுவிரலை மட்டும் இரண்டாம் முறை அழுத்தினாள். வரிசை கோணியது. கெசீனா கோணலைச் சொன்னாள். கோடை போயிற்று. வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் ஒட்டீலியின் வீட்டிலிருந்தே போயின. ஹைனோ தன் ரொட்டிக்கு மார்கரின் தடவிக்கொண்டான். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. காய்ச்சலோடு ஒரு முறை போனாள். கெசீனா தட்டை வாங்கிக்கொண்டு, அறை வாசலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மென்று தின்று, "காய்ச்சல் மாவுலயும் தெரியுது," என்றாள்.

தன் கேக் அந்த ஊர்க் கூடத்தில், வெள்ளை விரிப்பின் மேல், காப்பிக் கூஜாக்களுக்கு நடுவில் இருப்பதை ஒட்டீலி நினைத்துப் பார்ப்பாள். அந்த நினைப்பு நடக்க வேண்டுமானால் கெசீனா செத்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை. அக்டோபரில் கெசீனாவின் உதடு நீலமாகியதைப் பார்த்துவிட்டு வந்து, பாதாம் ஒன்றரைக் கிலோ வாங்கி வைத்தாள்.

நவம்பரில் கெசீனாவால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை மெல்ல நெடுநேரம் ஆயிற்று. குறை எதுவும் சொல்லவில்லை.

"இன்னொண்ணு."

ஒட்டீலி தட்டை எடுத்தாள். கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், சன்னல் மேடையில் வைத்தாள்.

"சரியா இருக்குன்னு சொல்லுங்க."

"குடுடி."

"சொல்லுங்க, தரேன்."

கெசீனா கையை நீட்டினாள். கை போர்வையின் விளிம்பு வரை வந்து நின்றது. மூச்சு ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் சத்தம் போட்டது. ஒட்டீலி மடியில் கையை வைத்துக்கொண்டு, மாவு பொங்கக் காத்திருப்பதைப்போல் காத்திருந்தாள். அவசரப்படுத்தினால் மாவு பொங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"சரியா... இருக்கு."

"ஆறு தட்டும் நானா?"

"நீதான்."

ஒட்டீலி துண்டைப் பாலில் நனைத்து அவள் வாயில் வைத்தாள். கெசீனா கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஒட்டீலி பாலத்தைச் சுற்றவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்து வாய்க்காலைத் தாண்டினாள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியது.

புதன்கிழமை கெசீனா செத்துப்போனாள். அடக்கம் சனிக்கிழமை என்றார்கள்.

சனிக்கிழமை விடியுமுன்னே எழுந்து ஒட்டீலி அடுப்பை மூட்டினாள். ஆறாவது தட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. எல்லாக் குழியையும் யோசிக்காமல் நான்கு விரலால், ஒரே அழுத்தில், தன் கைக்கு வருவதுபோல் போட்டிருந்தாள். சரியாக இருக்கிறது என்று கெசீனாவே சொல்லியாகிவிட்டது. தட்டுகளைக் கைவண்டியில் அடுக்கி, சலவைத் துணியால் மூடி, விடுதிக்கு இழுத்துப்போனாள். அடக்கம் முடிந்து தரும் சாவுக் காப்பி எப்போதும் விடுதிக் கூடத்தில்தான்.

கூடத்தில் விரிப்புகள் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு தட்டு வெண்ணெய்க் கேக் இருந்தது. ஒரே அளவுத் துண்டுகள். அச்சில் வார்த்ததுபோல் குழிகள்.

கெசீனாவின் மகள் அல்மூத் சமையலறையிலிருந்து வந்தாள். நகரத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஐயோ," என்றாள் அல்மூத், கைவண்டியைப் பார்த்து. "நீங்க சுட்டுட்டீங்களா?"

"உங்க அம்மா சொன்னாங்க."

"அம்மா டவுன் பேக்கரிக்குச் சொல்லி வெச்சுட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

"எப்ப?"

"மார்ச்ல. படுத்த உடனே. எந்த மேசைக்கு எத்தனை தட்டுன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

ஒட்டீலி வண்டியின் கைப்பிடியை விடவில்லை. மார்ச். முதல் சனிக்கிழமை ஏப்ரலில் வந்தது.

"அப்ப என்னை எதுக்கு..."

அல்மூத் நல்ல பெண். ஒட்டீலியின் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மாவுக்கு உங்க கேக்னா உயிரு. வாரம் பூரா சனிக்கிழமையைத்தான் எண்ணிட்டிருப்பாங்க. ஆனா ஊர் முன்னாடின்னு வரும்போது... அவங்க பழைய ஆளு. உங்களுக்குத் தெரியாததா? தட்டை உள்ள வெச்சுட்டு வாங்க. பத்தலைன்னா எடுத்துக்கறோம்."

ஒட்டீலி ஆறு தட்டையும் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்லறைக்குப் போனாள். மற்றவர்களைப்போல் ஒரு பிடி மண் போட்டாள். திரும்பி வந்து வீப்கெ உட்கார்ந்திருந்த மேசையில் உட்கார்ந்தாள். ஹைனோ கதவருகே ஆண்களோடு இருந்தான்.

பேக்கரி கேக் காய்ந்திருந்தது. எல்லோரும் காப்பியில் தோய்த்துத் தின்றார்கள். குளிரில் நின்றுவிட்டு வந்த பசி. அரைமணியில் தட்டுகள் காலி. விடுதிக்காரி உள்ளே போய் வேறு தட்டுகளோடு வந்தாள்.

ஒட்டீலி தன் கேக்கைத் தூரத்திலேயே அடையாளம் கண்டாள். மூன்று ஆழம், ஒன்று மேலாக்கில்.

எதிரில் கெசீனாவின் தங்கை மகன், பட்டணத்துக்காரன், ஒரு துண்டைத் தின்று இன்னொன்றை எடுத்தான்.

"முதல்ல வந்தது வைக்கோல். இதான் கேக்கு. இது வேற பேக்கரியா?"



"நான் சுட்டது," என்றாள் ஒட்டீலி.

வீப்கெ தன் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். கெசீனா பிடித்த அதே மாதிரி.

"தெரியுதே. நாலாவது குழி."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஒட்டீலி வீப்கெயைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நாங்க அஞ்சாறு பேர் கெசீனாவைப் பாக்கப் போவோம். ஆளுக்கொரு துண்டு குடுப்பா. 'போலந்துக்காரி பரிட்சை எழுதியிருக்கா, மார்க் போடுங்க'ம்பா. சிரிச்சு சிரிச்சு அவளுக்கு மூச்சு முட்டும், பாவம். ஒரு வாரம் கட்டைவிரல், ஒரு வாரம் கரண்டிக்காம்பு. நான் எப்பவும் நல்ல மார்க்தான் போட்டேன், ஒட்டீலி. கேட்டுப் பாரு."

"கரண்டிக்காம்புக்கு நீ பூஜ்யம் போட்ட," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அதுக்கு மட்டும்."

துண்டுகள் கைமாறின. ஒவ்வொருவரும் தங்கள் துண்டில் நாலாவது குழியைத் தேடினார்கள். பட்டணத்துக்காரனுக்கு விளங்கவில்லை, யாரோ அவன் காதில் சொன்னார்கள். அவன் ஒட்டீலியின் கையைப் பார்த்தான். ஒட்டீலி கையை மேசைக்குக் கீழே கொண்டுபோகவில்லை. அதே கையால் கரண்டியை எடுத்துக் காப்பியைக் கலக்கினாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

அவர்கள் தின்பதை நிறுத்தவில்லை. ஆறு தட்டும் தீர்ந்தன. உதிர்ந்த சர்க்கரையை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள்.

கைவண்டியில் காலித் தட்டுகள் சத்தம் போட்டன. ஹைனோ கூடவே நடந்து வந்தான்.

"மிச்சம் இல்லையா?"

"இல்ல."

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கலாம்," என்றான் ஹைனோ.

மூன்று வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நெருங்கும்போது, வீப்கெ வேலிக்கு வந்தாள். வாய்க்காலில் பனி உறைந்திருந்தது. அவள் பாலத்தைச் சுற்றாமல் நேரே நடந்து வந்தாள்.

"ஒட்டீலி, என் மகன் பிள்ளைங்களோட வரான். ஒரே ஒரு தட்டு சுட்டுத் தாயேன். எனக்கு இப்பல்லாம் கை வலி."

ஒட்டீலி கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் இனி வீப்கெ வாசலுக்குக் கிட்டத்து வாசல் எது என்று யோசித்தாள். லூடர்ஸ் வீட்டை அல்மூத் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். பாலத்தைச் சுற்றி எண்ணினாலும் சரி, நேரே எண்ணினாலும் சரி, தன் வாசல்தான்.

"இப்ப இல்ல," என்றாள். "உன் சாவுக்குச் சுடறேன் வீப்கெ. ஆறு தட்டு."

வீப்கெ சிரித்தாள். ஒட்டீலி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள். வந்த வழியே பனிமேல் திரும்பி நடந்தாள், ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து.

ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.