வள்ளக் கணக்கில் நான்கு அறைகள்

என் அம்மா மக்தலேனா மாம்புரியில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு வள்ளம், வலை, இஞ்சின் எல்லாவற்றையும் விற்று, 2014இல் நுரைச்சோலையில் நான்கு வாடகை அறைகள் கட்டினார். அனல்மின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்கள் குடியிருந்தார்கள். அறைக்கு மாதம் ஆறாயிரம். போன மாதம் அம்மா இறந்தார். வயது அறுபத்தொன்று.

நான் கொழும்பில் மின் பொறியியலாளர். செலவுத் திட்டத்தை நானே கணினியில் போட்டிருந்தேன். வாடகையில் பத்திலொரு பங்கு திருத்த வேலைக்கு. வருடத்தில் ஒரு மாதம் அறை காலியாகக் கிடக்கும் என்று ஓர் ஒதுக்கீடு. வரி, தண்ணீர், கரண்ட் தனித்தனியே. ஞாயிறுகளில் தொலைபேசியில் கேட்டு நிரப்புவேன்.

"மூண்டாம் அறை?"

"இந்த மாசம் காசு வரேல்ல, மகள்."

"அப்ப காலி எண்டு போடுறன். வாடகையக் குறைச்சா ஆள் வரும், அம்மா."

"ஓம், ஓம். நீ போடு."

இரண்டு வருடங்களில் பதினொரு தடவை "காலி" போட்டேன். திருத்தச் செலவு மட்டும் நம்ப முடியாத அளவு குறைவு. அம்மா சொல்ல மறக்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது கூரைத் தகரம் கடற்காற்றில் துருப்பிடித்து ஓட்டை. மழைக்கு முன் மாற்ற வேண்டும். கூலியோடு தொண்ணூறாயிரம் கேட்கிறார் கூரை வேலை செய்யும் மேஸ்திரி, பாஸ். அதை அறைகளே உழைத்து வைத்திருக்காவிட்டால் விற்பதுதான் சரி. என் தாளின்படி வைத்திருக்கவில்லை. வாங்க விரும்பும் ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அம்மாவின் அலுமாரியில் நான்கு பிஸ்கட் டின்கள். மூடிகளில் அவர் எழுத்து: வள்ளம், வலை, இஞ்சின், ஆள்.

விற்ற வள்ளத்துக்கு எதற்கு டின்?

மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் இஞ்சினுக்கும் பங்கு வைத்த பிறகே ஆட்களுக்குப் பிரிப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். வள்ளம் என்றால் சுவரும் கூரையும்; அதில் ஐம்பத்தெட்டாயிரம் இருந்தது. இஞ்சின், தண்ணீர் மோட்டர். வலை, அடிக்கடி போகிற பூட்டு, பைப், பல்ப். அதுவரை விளங்கியது. "ஆள்" டின்னில் காசே இல்லை. துண்டுக் கடதாசிகள். "தாஹிர், மாசி, கடல் இல்லை." "கில்பட், ஆவணி, கடல் இல்லை." கடலுக்குப் போக முடியாத நாளைத்தான் அப்பா 'கடல் இல்லை' என்பார். எண்ணினேன். பதினொன்று.

மூன்றாம் அறையில் மனைவியோடு இருக்கும், எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் வெல்டர் தாஹிரிடம் துண்டைக் காட்டினேன்.

"மாசியில உங்கட அறை காலியா, தாஹிர் நானா?"

"காலியா? நானும் பொண்டாட்டியும் உள்ளுக்குத்தானே இருந்தோம்!" சிரித்தார். "கொந்தராத்து முடிஞ்சிட்டு, தங்கச்சி. வேல இல்ல. அக்கா வாடக எடுக்கல்ல. கடல் இல்லாத நாள்ல ஆள் வல தைக்கணும், வா எண்டு நாலு அறைக்கும் பூட்டு மாத்த வெச்சா. கனமூலை ஊர்ல மொளகாத் தோட்டம் செஞ்சவன் நான், கடல்ல கால் வெச்சதில்ல. என்னயும் வள்ளத்துல ஏத்திட்டா!"

"அப்ப அது வாடகையா, கூலியா?"

"யாரு கேட்டா? நானும் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல." பிறகு தயங்கினார். "இந்த மாசமும் எனக்குக் கடல் இல்ல. தகரத்த வாங்கித் தாங்க. நானும் அடுத்த அறைக் கில்பட்டும் போடுறோம்."

தகரமும் ஆணியும் மட்டும் ஐம்பத்தையாயிரம். அதற்கு டின் காசு போதும். ஆனால் பதினொரு மாத வாடகை அறுபத்தாறாயிரம் வந்திருந்தால் பாஸுக்கே கொடுத்திருக்கலாம். அப்போது பூட்டுகளுக்கும் அவருக்கே கொடுத்திருக்க வேண்டும். மூன்று தடவை கூட்டினேன். மூன்று விடைகள்.

வாங்க இருந்தவருக்கு, விற்கவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார். கூரை போடுகிறோம் என்றேன். அது ஒரு காரணமா என்று எனக்கே தெரியவில்லை.

"நாலு அறைக்கும் ஒரே மாசம் கடல் இல்லாமப் போனா என்ன செய்யிறது?" என்று தாஹிரிடம் கேட்டேன்.

"அத அக்காட்டத்தான் கேக்கணும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியைத் தேடிப் போனார்.