கடைவயலுக்கு முதல் தண்ணீர்

வாய்க்காலுக்குள் ஒரு குடை

சிறுபோக நெல்லுக்கு முதல் தண்ணீர் விட்ட அன்று காலை, மலாயா காசிம் காக்கா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வாய்க்காலின் நடுவே நின்றார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தார். தலையில் மலாய்த் தொப்பி. தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டில் கீழே போய்க்கொண்டிருந்தது. அவர் நின்றதால் ஒரு சொட்டும் நிற்கவில்லை. ஆனால் தோரணை மட்டும் ரயிலை மறிக்கிறவரின் தோரணை.

"விதானையார், என்ட வயல் நனையாம இந்தத் தண்ணி கீழ போகப்படாது!"

ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் இறக்காமத்துப் பக்கம் ஒரு வட்டைக்கு விதானையாக இருந்தேன். இந்தக் காலத்து இளம் உத்தியோகத்தர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களின் கூட்டம். வட்டை விதானை என்றால் மதகு திறந்ததிலிருந்து கதிர் முற்றும்வரை தண்ணீர் யாருக்கு எப்போது என்று பார்க்கிறவன். விவசாயிகள் கூடி அவனைத் தெரிவுசெய்வார்கள். கூலி நெல்லாகக் கிடைக்கும். ஏச்சு இலவசம்.

எங்கள் வட்டையில் மதகுக்குக் கிட்ட உள்ள தலைப்பு வயல்கள் பெரும்பாலும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது முஸ்லிம்களுடையவை. வாய்க்கால் முடிகிற இடத்திலுள்ள கடைவயல்கள் பெரும்பாலும் காரைதீவுத் தமிழர்களுடையவை. ஏழைப்பட்ட முஸ்லிம்கள் இரண்டொருவரும் அங்கே இருந்தார்கள். எங்கள் ஒழுங்கு என்னவென்றால், முதல் தண்ணீர் கடைவயலுக்கு. தலைப்புக்காரர் தங்கள் வரம்பில் வக்கடை, அதாவது தண்ணீர் புகும் வாய், வெட்டாமல், தண்ணீர் தங்களைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். இதைச் செய்யவைப்பதுதான் என் உத்தியோகம். எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காசிம் காக்கா மீசை அரும்பிய வயதிலேயே மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். மனைவி சுலைகா ராத்தாவையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு நீண்ட லீவில் வந்திருந்தார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன், ராத்தா என்றால் அக்கா. அந்தத் தலைப்பு வயல் ராத்தாவின் சீதனம். உரிமைக் குரல் மட்டும் இவருடையது. இந்தப் போகம் சரிவந்தால் மலாயா வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருப்பது, சரிவராவிட்டால் திரும்பிப் போவது என்று வீட்டில் பேச்சு. ஆகவே அந்த வயலில் விளையப்போவது நெல் மட்டுமில்லை என்று எனக்கும் தெரியும்.

"காக்கா, கடைவயலுக்குத்தான் முதல் முறை. வட்டைக் கூட்டத்துல கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க?"

"அதான் சொல்றன். நானும் கடைவயல்காரன்தான்!" என்றார்.

முதல் நாள் போய், கடைவயலில் பாத்தும்மா என்ற விதவையிடம் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நாலு பாய் விரித்தால் மூடிப்போகும் துண்டு. அதைக் காட்டி, தான் கடைவயல்காரன், ஆகவே தன் தலைப்பு வயலுக்கும் முதல் தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறார். வரம்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"முறை வயலுக்கு, காக்கா. ஆளுக்கு இல்ல. கீழ உள்ள துண்டுக்கு இண்டைக்கே தண்ணி வரும். மேல உள்ளது மத்தவங்களப் போலதான் பொறுக்கணும்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் போய் முகம் வாடியிருந்தது.

"அங்கயும் இதுதான் தம்பி. பெரிய கிளார்க் வேல எனக்கு வரவேண்டியது. எனக்குக் கீழ வேல பழகின பொடியன் ஒருத்தன், மலாய்க்காரன். அவங்கட ஆக்களுக்கு முதலிடம் எண்டு சட்டம் வந்து அவனுக்குக் குடுத்துட்டாங்க."

"பொடியன் சரியில்லையா?"

"அதுதானே கஷ்டம். தங்கமான பொடியன். அவன்ட கிராமத்துல ஒரு பள்ளிக்கூடம் இரிக்கல்ல. ஆத்தக் கடந்து போய்ப் படிச்சவன். அவனுக்குக் குடுத்ததுல எனக்குக் கோவம் இல்ல. பொறகு என்ட முறை எப்ப எண்டு கேட்டா ஒருத்தனும் வாய் திறக்கிறான் இல்ல. அதுக்குத்தான் கோவம்."

இன்னொன்றையும் குரலைத் தணித்துச் சொன்னார். அவருடைய மேலதிகாரி ஒருவர் வழி காட்டியிருக்கிறார். "நீ முஸ்லிம். வீட்டுல மலாய் கதைக்கிறாய். தொப்பியும் போடுறாய். மலாய்க்காரன் எண்டே பதிஞ்சிரு, யாரு கேக்கப்போறா எண்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றன் எண்டு கப்பல் ஏறிட்டன். இங்க வந்து கல்முனையில ஒரு கந்தோர்ல வேல கேட்டா, இனிச் சிங்களம் தெரியணுமாம். அங்க மலாய், இங்க சிங்களம். எனக்குத் தெரிஞ்சது தமிழும் இங்கிலீசும். நான் எங்க போய் நிக்கிற, சொல்லுங்க பாப்பம்?"

"அதுதான் வாய்க்காலுக்குள்ள நிண்டீங்களா?" என்று கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார். மனுஷன் நல்ல மனுஷன். அவர் ஊரில் தங்கவேண்டும் என்று அந்த நிமிஷமே எனக்கு ஆசை வந்துவிட்டது.

தண்ணீரோடு நடந்தது

எங்கள் ஒழுங்கில் இரண்டாவது பாதி ஒன்று உண்டு. முதல் தண்ணீர் விடும்போது தலைப்புக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு, தண்ணீரின் கூடவே கடைவயல்வரை நடக்கவேண்டும். அடைப்பை எடுத்து, புல்லை இழுத்துப் போட்டு, வழியில் யாரும் வக்கடை வெட்டாமல் பார்த்துக்கொண்டு போகவேண்டும். கடைவயல் நிறைந்த பிறகு, கடைவயல்காரர் ஒருவர் மேலே நடந்து வந்து, அந்தத் தலைப்புக்காரரின் வக்கடையைத் தன் கையால் வெட்டிவிடவேண்டும். அவர் வந்து வெட்டும்வரை சொந்தக்காரர் தன் வரம்பில் கை வைக்கக்கூடாது. காசிம் காக்கா கல்முனைக் கடைத்தெருவில் வளர்ந்தவர் என்பதால் இதெல்லாம் அவருக்குப் புதுசு.

அன்றைக்கு நடக்கிற முறை அவருடையது என்றேன்.

"தண்ணியும் இல்ல, நடையும் எனக்கா? நல்ல ஊருடா இது!" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். ஒரு கையில் மண்வெட்டி, மற்றதில் குடை. அந்தக் கோலத்தைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வரம்பில் ஏறினார்கள். நானும் கூடவே போனேன்.

மேலே வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. போகப் போகச் சுருங்கியது. நடுப்பகல் ளுஹர் தொழுது நாங்கள் கடைவயலை எட்டியபோது, தாம்புக்கயிறு தடிப்பில் ஒரு கோடுதான் வந்து சேர்ந்தது. காசிம் காக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல ஆறு மாதிரிப் போன தண்ணி எங்க, தம்பி?"

"மேல உள்ள வரம்பெல்லாம் குடிச்சிட்டு. உங்கட வரம்பும் சேத்துத்தான்."

வெடித்துக் கிடந்த நிலத்தில் அந்தக் கோடு இறங்கியதும் மண் சத்தம் போட்டுக் குடித்தது. அங்கே காத்திருந்த கடைவயல்காரர் கணவதிப்பிள்ளை, காரைதீவுக்காரர், குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்.

"மலாயாவில நெல்லு வெளையுமா காக்கா?"

"வெளையும். எனக்குத்தான் வெளையல்ல," என்றார் காசிம் காக்கா.

பிறகு பாத்தும்மாவின் துண்டில் தண்ணீர் ஏறியதும் மனுஷனுக்குக் குஷி வந்துவிட்டது. "என்ட வயலுக்கு முதல் தண்ணி! பாத்தீங்களா, முதல் தண்ணி!" என்று குடையைச் சுழற்றினார். பாத்தும்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு வெயில் ஏறமுன்னம் நான் வந்து உங்கட வக்கடைய வெட்டுவன்," என்றார் கணவதிப்பிள்ளை.

"நீங்க வராட்டி?"

"வராட்டியா?" என்று கணவதிப்பிள்ளை என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அதற்குமுன் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வராட்டி?

மறுநாள் வெயில் ஏறியது. கணவதிப்பிள்ளை வரவில்லை.

தலைப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வரம்பில் கூடினார்கள். சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்து ஊரெல்லாம் உங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் என்று கதை கிளம்பியிருந்த காலம். "காலம் மாறிட்டு விதானையார். இனி ஆரும் வரமாட்டாங்க," என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கணவதிப்பிள்ளை வராவிட்டால் அடுத்த போகம் எந்தத் தலைப்புக்காரனும் பொறுக்கமாட்டான். கடைவயல் அதோடு சரி. காசிம் காக்காவும் அடுத்த கப்பலில் ஏறிவிடுவார்.

அவர் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நான் சொன்னன்தானே? எந்த நாட்டுலயும் முதல் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரமாட்டான். நானே வெட்டுறன்."

"பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் பொறுங்க காக்கா," என்று கெஞ்சினேன்.

"ஏலாது!"

அப்போது சோற்றுப் பெட்டியோடு மருத மரத்தடியில் உட்கார்ந்திருந்த சுலைகா ராத்தா வாயைத் திறந்தா. "அங்க கந்தோர்ல இத்தின வருசம் பொறுத்தீங்க. இங்க அசர் மட்டும் பொறுக்க ஏலாதா? வந்து சோத்தத் தின்னுங்க!"

வரம்பெல்லாம் சிரிப்பு. காசிம் காக்கா மண்வெட்டியை வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனார். மலாயாவில் எத்தனையோ துரைமார் சொல்லி அவர் கேட்டிருப்பார். ராத்தா சொன்னால்தான் உடனே கேட்பார் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் கை கழுவுகிற நேரம் கணவதிப்பிள்ளை வந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"யானை வந்து கடைசி வரம்ப உழக்கிட்டுப் போயிட்டு, விதானையார். வந்த தண்ணியெல்லாம் வெளியால பாயுது. நானும் பெண்சாதியும் இவ்வளவு நேரமும் கட்டினம். சோறும் தின்னல்ல."

"முதல்ல தின்னுங்க," என்றா ராத்தா.

"வெட்டிப்போட்டுத் தின்னுறன்." அவர் நேரே வரம்புக்குப் போய் மண்வெட்டியை ஓங்கினார். பிறகு ஏதோ நினைத்தவர்போல் திரும்பி, "பிஸ்மில்லாச் சொல்லுங்க காக்கா, வெட்டப்போறன்," என்றார்.

காசிம் காக்கா உரத்துச் சொன்னார். மண்வெட்டி விழுந்தது. வக்கடையால் தண்ணீர் புகுந்து, காய்ந்த நெல் தாளை எல்லாம் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடியது. காக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதைச் சொல்ல என்ன வெட்கம்?

களவெட்டியில் சொன்னது

அந்தப் போகம் நல்ல விளைச்சல். ராத்தாவின் வயலில் நெல் மணி மணியாகக் கிடந்தது. இனி மனுஷன் எங்கே போகப்போகிறார் என்று நான் சந்தோஷமாக இருந்தேன். அவருக்குப் பள்ளிவாசலுக்குக் கிட்ட வீடு கட்ட ஒரு வளவுகூடப் பார்த்துவைத்தேன். சூடடித்து முடிந்த அன்று, நெல் அடித்த களவெட்டியிலேயே என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் போறன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "இவ்வளவு வெளைஞ்ச பொறகுமா?"

"வெளைஞ்சதாலதான். இங்க எனக்கு இடம் இரிக்கி எண்டு தெரிஞ்சிட்டு. இப்ப பயமில்லாமப் போகலாம். மகள் அங்க பொறந்தவ. வாத்திச்சி வேலைக்குப் படிக்கிறா. எனக்கு ஊர் இது, அவக்கு ஊர் அது. அவட முறைய அங்கதானே கேக்கணும்?"

"மலாய்க்காரன் எண்டு பதியப்போறீங்களா?"

"ஒரு துண்டு வயலக் காட்டி நான் கடைவயல்காரன் எண்டதுக்கு நீங்க எல்லாரும் எப்படிச் சிரிச்சீங்க! அதையே அங்க போய்ச் செய்யிறதா? இல்ல. அந்தப் பொடியன்ட பங்க நான் எடுக்கமாட்டன். ஆனா ஒண்டு கேப்பன். எங்கட வக்கடைய வெட்ட ஆரு வருவாரு, எப்ப வருவாரு எண்டு கேப்பன்."

"ஏசினாங்க எண்டா?"

"ஏசட்டும். வாய்க்காலுக்குள்ள நிக்காமக் கரையில நிண்டு கேப்பன்."

கல்முனையில் பஸ் ஏறும்போது தலைப்பு வயலைக் கணவதிப்பிள்ளைக்கு விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டார். குடையையும் அவருக்கே கொடுத்தார். பஸ் போன பிறகு எனக்குக் கடைத்தெருவே பிடிக்கவில்லை. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு மலாயாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் சேதி சொன்னார். காசிம் காக்கா சொன்னபடியே கந்தோரில் எழுந்து நின்று கேட்டாராம். மேலே இருந்தவர்கள் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஆனால் அவர் வேலை பழக்கிய அந்த மலாய்ப் பொடியனும் பக்கத்தில் எழுந்து நின்று அதையே கேட்டானாம். சேதி கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது.

அதே குடை

அடுத்த சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் விட்ட காலை, தலைப்பு வரம்பில் அதே கறுப்புக் குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே கணவதிப்பிள்ளை.

"விதானையார், கண்ணுக்கு முன்னால தண்ணி போகுது! பாத்துக்கொண்டு இரிக்க ஏலாமக் கிடக்கு!"

நான் சிரித்த சிரிப்பில் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "காசிம் காக்காவக் கூப்பிடவா?" என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடையை மடக்கி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரோடு கீழே நடந்தார்.

நெடுங்காலம் விதானை வேலை பார்த்தவன் என்ற முறையில் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசியில் இருக்கிறவனுக்கு முதலில் கொடுப்பது நியாயம்தான். ஆனால் தலைப்பில் நின்று அதைப் பார்க்கிறவனுக்கு நெஞ்சு எரியும், அவன் எந்தச் சாதிசனம் ஆனாலும் எரியும். அந்த எரிச்சலை ஏசி அடக்க முடியாது. மேலே வந்து வக்கடை வெட்ட ஒரு ஆள் இருக்கிறார் என்று அவனுக்குக் காட்டவேண்டும்.

மறுநாள் வெயில் ஏறமுன்னமே ஆள் வந்துவிட்டது. பாத்தும்மா. முக்காட்டுக்கு மேலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, சேற்றுக் காலோடு வாய்க்கால் கரையால் நடந்து வந்தாள். கணவதிப்பிள்ளையின் வரம்பில் காலை ஊன்றி நின்று, மண்வெட்டியை ஓங்கினாள். பிறகு கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"சாமியக் கும்பிடுங்க அண்ணன், வெட்டப்போறன்."