மூன்றாவது இன்ஜெக்டரின் விளக்கு

கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்த நாள் முதல் சாவி திருப்புவது என் வேலை; பானெட்டைத் திறந்து பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் பிளக்கைக் கழற்றி அதில் ஒரு குட்டி விளக்கைச் செருகுவார். நான் ஸ்டார்ட் அடிக்க, அது மின்னினால் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து இன்ஜெக்டருக்குச் சிக்னல் வருகிறது என்று அர்த்தம். "மின்னுது" என்று அவர் கத்துவார், நான் நிறுத்துவேன்.

சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி போட்டார்கள். வண்டி ஓட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். "வேலைக்கு ஒரு குறையும் இல்ல, நல்லாத் தெரியுது" என்றார். அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நானும் நம்பினேன்.

போன மழைக்காலத்தில் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் காரைக் கொண்டு வந்தாள். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங்; அது எரியாமல் வண்டி குலுங்கியது. நாலு பிளக்கிலும் "மின்னுது" என்றார். சிக்னல் வருகிறதென்றால் கோளாறு இன்ஜெக்டரில்தானே? புதிதாக மாற்றினோம். மறுநாளே அதே கோளாறோடு வந்து நின்றாள்.

"சேச்சி, பின்னையும் அதே மிஸ்ஸிங் அல்லே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளிடம் காட்ட முடியுமா? அவரிடம் காட்டினேன்.

"நீங்க போய் சீட்ல இருங்க. நான் பாக்கேன்."

தயங்கினார். பிறகு காரைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தார். முதல் பிளக்கில் மின்னியது, இரண்டாவதிலும். மூன்றாவதில் விளக்கு செத்துக் கிடந்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். இருட்டுதான். ஒயர் எங்கோ அறுந்திருக்க வேண்டும்.

சன்னலோரம் போய், "இதையா மின்னுதுன்னு சொன்னீங்க?" என்றேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நாலும் எனக்கு இருட்டுதாம்ட்டி. நீ ஸ்டார்ட் அடிச்ச உடனே சொல்லிருவேன். இத்தன நாளும் ஒத்துப் போச்சு."

ஐயோ என்று வந்தது. இருந்தும் விடாமல், "எப்பத்துல இருந்து?" என்று கேட்டேன்.

என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"ஓணத்துக்கு நீ புதுப்புடவ கெட்டிட்டு முன்னால வந்து நின்னியே. நல்லாருக்குன்னு சொன்னம்லா? அதும் பாத்துச் சொல்லலட்டி."