வளையத்தில் ஒரு வெட்டு

“ஆரோ பத்தி எறிஞ்ச சுங்கானைப் பொறுக்கவோ பிள்ளை, உன்னைப் படிப்பிச்சனாங்கள்?”

அம்மா இப்படிக் கேட்டது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடையில். ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு பழைய வீட்டு வளவைத் தோண்டும் குழுவில் எனக்கு விடுமுறை வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோடை முடியமுன் நான் நிரப்பவேண்டிய கொம்பியூட்டர் படிப்புப் படிவத்தை அம்மா பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்.

எனக்கோ அந்த மண்ணில் கிடைத்த சுங்கான்களில், பழைய களிமண் புகைக்குழாய்களில், பித்துப் பிடித்திருந்தது. புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் பக்கத்தில் செய்தவரின் முத்திரை இருக்கும்: ஒரு வளையம், உள்ளே இரண்டு எழுத்து. செய்தவரைக் கண்டுபிடித்தால் அவர் தொழில் செய்த காலம் தெரியும்; காலம் தெரிந்தால் அது கிடந்த மண்ணின் வயது தெரியும். வளவுக் கிணற்றின் அடியில் ஒரேயொரு கிண்ணம் கிடைத்தது. எழுத்து தேய்ந்து போயிருந்தது. கிணற்றின் வயதைச் சொல்ல வேறு எதுவும் இல்லை. மனமில்லாமல் அதை ‘வாசிக்க முடியாதவை’ தட்டில் வைத்தேன்.

அம்மா ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஊரிலும் எங்கள் குடும்பத்துக்கு வெளுப்புத்தான் தொழில். எழுத்துத் தெரியாது, ஆனால் மூலையில் இட்ட குறியைப் பார்த்தே எந்தச் சீலை எந்த வீட்டுடையது என்று பிரித்துவிடுவார். ஒருநாள் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தவர், மேசையில் இருந்த ‘வாசிக்க முடிந்தவை’, ‘வாசிக்க முடியாதவை’ தட்டுகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினார்.

“உதுவும் உதுவும் ஒரே வீட்டுக் குறியெல்லே?”

“இல்லையம்மா, அதில எழுத்தே தெரியேல்லை.”

“எழுத்தை ஆர் பாத்தது? வளையத்தைப் பார். ரெண்டிலயும் ஒரே இடத்தில வெட்டு.”

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நன்றாக வாசிக்க முடிந்த கிண்ணத்தின் வளையத்தில், வலப்பக்கம் கீழே, மயிரிழை அளவு வெட்டு. தேய்ந்ததிலும் அதே இடத்தில், அதே சாய்வில். அச்சில் விழுந்த காயம் அந்த அச்சில் அழுத்திய ஒவ்வொரு சுங்கானிலும் விழும். இரண்டும் ஒரே அச்சு. ஒரே ஆளின் பட்டறை; அவர் தொழில் செய்த காலம் எங்களுக்குத் தெரியும். கிணற்றுக்கு வயது கிடைத்துவிட்டது. தமிழ் தெரியாத எங்கள் மேற்பார்வையாளர் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து, அதிலிருந்து முகத்தை எடுக்காமலே, “உன் அம்மா என்ன சொன்னார், இன்னொருமுறை சொல்” என்றார். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

“படிச்ச உனக்கு உது தெரியேல்லையோ?” என்று அம்மா என் தோளில் இடித்தார். வோபர்னில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடியே, “நாளைக்கும் கிணத்தைத் தோண்டுவியளோ?” என்று கேட்டார்.

அந்தப் படிவம் கோடை முடியும்போதும் பிரிட்ஜ் கதவில்தான் இருந்தது, வெற்றுப்பக்கம் வெளியே தெரிய. அதில் அம்மா பென்சிலால் ஒரு வளையம் வரைந்திருந்தார், வலப்பக்கம் கீழே வெட்டோடு. தொல்லியல் மேற்படிப்புக்கான விண்ணப்பத்தை அடுத்த நாளே தபாலில் போட்டுவிட்டேன்.