அரிவாள்மணையை விட்டுவிட்டு ஓடுவாளா?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு மட்டும் இந்த வீட்டில் யாரைவிடவும் எனக்கு நன்றாக அர்த்தம் தெரியும்.

திருவொற்றியூரில் எங்கள் பழைய மீன் சந்தையை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். இப்போது உட்கார்ந்து விற்பவர்களுக்கே புதுக் கடை. அதற்குப் பெயர் எழுத ஒருவர் நோட்டோடு வந்தார்.

அவர் வந்த அன்று காலையில்தான் மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று போன் வந்தது. கையில் பாதி செதில் எடுத்த சங்கரா. மீனைப் போட்டேன், அரிவாள்மணையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளினேன், ஆட்டோ பிடித்தேன். மீன்காரிகள் யாரும் அரிவாள்மணையை இரவல் தர மாட்டோம். என்னுடையது மாமியார் கொடுத்தது. அந்த அம்மா எனக்குக் கொடுத்த ஒரே நல்ல பொருள், அது இருக்கட்டும். ஒருத்தி அதை இன்னொருத்தியிடம் தள்ளினால், 'வந்துவிடுவேன், என் இடத்தைப் பார்த்துக்கொள்' என்று அர்த்தம். வாயைத் திறக்கவே வேண்டாம்.

நோட்டுக்காரர் வந்து என்னைக் கேட்டபோது பக்கத்துக் கடைக்காரி பேரம் பேசிக்கொண்டிருந்தாளாம். "போன் வந்துச்சி, எய்ந்து ஓட்சி சார்" என்றிருக்கிறாள்.

மறுநாள் நான் போனால் அவர் நோட்டைத் தட்டினார். "உன் பேருக்கு நேரா அப்ஸ்காண்ட்னு எழுதியாச்சு ஆயா. உனக்குக் கடை கிடையாது."

கூடையை இறக்கி வைத்தேன். "அப்டின்னா இன்னா நைனா?"

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டேன்னு அர்த்தம்."

"தண்ணி லாரி வந்தா மொத்த மார்க்கெட்டும் எய்ந்து ஓடுது. எல்லாரும் அப்ஸ்காண்டா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி இல்ல ஆயா. தப்பு பண்ணிட்டு, மாட்டிக்கக் கூடாதுன்னு ஒளிஞ்சு ஓடினாதான் அந்த வார்த்தை. திரும்பியே வராதவங்களுக்குப் போடுறது."

அது போதும் எனக்கு. பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக் கத்தினேன். "எம்மே, என் அருவாமணை எங்க கீது?"

"நீ குட்த்த எடத்துலயே கீது யக்கா!" என்று தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கினியா நைனா? திரும்பி வராதவ இத்த வுட்டுட்டுப் போவாளா? எந்த மீன்காரியவேணா கேளு!"

"போவ மாட்டா!" என்றது வரிசை முழுக்க. ஐஸ் உடைக்கிறவர்கூடக் கத்தினார்.

அவர் பேனாவால் அந்த வார்த்தையை அடித்தார். "சரி, என்னன்னு எழுதட்டும்?"

"பேத்தி பொறந்துக்கீறா, பாக்கப் போயிருந்தான்னு எய்து."

எழுதினார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடை எனக்குத்தான் என்றும் படித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பூனை என் கூடையிலிருந்து சங்கரா ஒன்றைக் கவ்விக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அங்கே நின்றிருந்த லாரிக்கு அடியில் புகுந்தது.

"நைனா, நோட்ட எடு!" என்றேன். "இப்போ எய்து, அப்ஸ்காண்டு!"