கேட்டு வாங்கிய பெயர்

பாஸ்போர்ட்டின்படி என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். என் மனைவியின் குடும்பப் பெயர் என் பெயர். மகன், மகள் இருவருக்கும் என் பெயர்தான். ஆக, வீட்டில் இருக்கும் நான்கு பேரில் நான் மட்டும் வேறு குடும்பம். விமான நிலையங்களில் என்னை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மற்ற மூவரையும் போகச் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுவோம், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. இப்போது சிரித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. என் மகன் தன் குடும்பப் பெயரை மாற்றப்போவதாகச் சொன்னபோது, அவன் விடப்போனது ஏதோ ஒரு பரம்பரைப் பெயரை அல்ல. என் பெயரை. என் அம்மா என்னைக் கூப்பிட்ட பெயரை.

மெல்பேர்னில் எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு குசினியில் வைத்துச் சொன்னான். அவன் கட்டப்போகும் பெண் ஜப்பானியப் பெண். அவனோடு ஒரே அலுவலகத்தில் வேலை. கலியாணத்துக்கு எங்கள் பக்கத்தில் மறுப்பு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை நண்டுக் கறியைக் கையால் உடைத்துச் சாப்பிட்ட அன்றே என் மனைவி கட்சி மாறிவிட்டாள்.

"அவ ஒன்லி சைல்ட், அப்பா. அவையின்ர பேர் அவவோட முடிஞ்சிடும்" என்றான்.

"அதுக்கு?"

"கலியாணம் கட்டினாப் பிறகு நான் அவையின்ர பேரை எடுக்கப்போறன்."

"அப்ப என்ர பேர்?"

"இட்ஸ் ஜஸ்ட் எ நேம், அப்பா."

"ஜஸ்ட் எ நேம் எண்டால் அவை தங்கட பேரை விடட்டுமே!"

பைப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "நான் கலியாணம் கட்டின அண்டைக்கு என்ர அப்பான்ர பேரும்தான் போனது. ஒருத்தரும் அழேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு கிழமை மகனோடு ஓம், இல்லை என்பதற்கு மேல் கதைக்கவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. நில அளவை நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. மெல்பேர்னின் வடக்கே மாட்டுப் பண்ணைகளை வெட்டிக் குடியிருப்புகள் ஆக்குகிறார்களே, அந்தக் காணித் துண்டுகளுக்கெல்லாம் கோடு போடுகிறவன் நான். மத்தியான இடைவேளைகளில் காணிகளை மூடி வைத்துவிட்டு ஜப்பானியக் குடும்பப் பெயர்களைப் பற்றி வாசித்தேன். எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கும் நோக்கம்தான், வேறொன்றும் இல்லை.

பலவீனம் கிடைத்தது போலத்தான் முதலில் இருந்தது. பழைய காலத்தில் அங்கே சாமானிய மக்களுக்குக் குடும்பப் பெயரை வெளிப்படையாக வைத்துக்கொள்ள உரிமை இல்லை. சாமுராய்களுக்கும் இன்னும் சிலருக்கும்தான் அந்த உரிமை. பிறகு அரசாங்கம் எல்லோருக்கும் பெயர் கட்டாயம் என்று சட்டம் போட்டபோது, வயலையும் ஆற்றையும் மலையையும் பார்த்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பெண்ணின் பெயரும் அப்படி நேற்று வந்த பெயராக இருக்கும் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மகனிடம் சாடையாகக் கேட்டேன். இல்லையாம். அவர்களுடையது தெற்கே ககோஷிமாப் பக்கத்துச் சாமுராய்க் குடும்பமாம். ஆண்டுகொண்டிருந்த காணியின் பெயரைத்தான் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டார்களாம். பொருள், ஆற்றுக்கு மேற்பக்கத்து வயல். அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தோன்றியது, அது பிடிக்கவும் இல்லை. எங்கள் ஊரிலும் காணிக்குப் பெயர் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், உறுதிப் பத்திரத்தில் எழுதியபடி, யார் வாங்கினாலும் விற்றாலும் மாறாமல் கிடக்கும். நாங்கள் காணியின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஆட்களின் பெயரைத் தலைமுறைக்கு ஒருதரம் அழித்துவிட்டோம். அவர்கள் காணியின் பெயரைக் கழற்றி ஆட்களுக்குப் போட்டுவிட்டார்கள். யார் கெட்டிக்காரர் என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். பதிலை யாரிடமும் சொல்லவில்லை.

கலியாணம் பேச சிட்னிக்குப் போனோம். மனைவிக்கு வேலை, நானும் மகனும்தான்; பெண் முந்தின நாளே போயிருந்தாள். பெண்ணின் அப்பா இருப்பது அங்கே லிட்கம் என்ற இடத்தில். ஜப்பானில் ஓடி முடிந்த கார்களின் எஞ்சின்களைக் கப்பலில் இறக்கி விற்பது அவர் தொழில். அவருடைய மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. வாளோடு ஒருவரை எதிர்பார்க்காவிட்டாலும், ஏதோ ஒரு மிடுக்கை எதிர்பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவர் என்னைவிடக் குள்ளம். நகக்கண்ணில் கழுவினாலும் போகாத கிரீஸ். சனிக்கிழமை காலை தன் சொந்த வீட்டில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்றார்.

தேநீர் ஊற்றிவிட்டு ஒரு மரப்பெட்டியைத் திறந்து தாள்சுருள் ஒன்றை விரித்தார். அவர்கள் வம்சத்தின் பெயர்ப் பட்டியல். ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். பெரிதாக நினைக்க வேண்டாம், எங்கள் பக்கத்துச் சாமுராய்கள் கோட்டையில் இருந்தவர்கள் அல்ல, கிராமத்தில் இருந்து வயல் செய்தவர்கள், என் முன்னோர்கள் வாளைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடித்திருப்பார்கள் என்றார். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிடுமோ என்று பயம் வந்தது.

சுருளில் இரண்டு இடங்களில் கோடு பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. அவை மாப்பிள்ளைகள். ஆண்பிள்ளை இல்லாத காலத்தில் மகளுக்கு மாப்பிள்ளை எடுத்து, அவரையே மகனாக்கி, பெயரைக் கொடுத்துவிடுவார்களாம். அவர் எந்த வீட்டில் யாருக்குப் பிறந்தவர் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

"ஆனால் இன்னொரு வீட்டை வெறுமையாக்கி எடுக்கக் கூடாது. அதனால் கேட்கிறேன்" என்றார். "உங்களுக்கு ஒரே மகன். இந்தப் பெயர் உங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது?"

ஒன்று என்பதுதான் பதில். அதுகூட முழுதாக ஒன்று இல்லை. அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருந்த முதல் ஆண்பிள்ளை என் மகன்தான்.

"பதினொன்று" என்றேன்.

அவருடைய சுருளில் பத்துப் பெயர்கள் இருந்தன. எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.

மகன் என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. பிறத்தியாருக்கு முன்னால் அப்பாவைப் பொய்யன் ஆக்கக் கூடாது என்று நாங்கள் வளர்த்த வளர்ப்பு அது. அந்த வளர்ப்பு எனக்கு அன்றைக்கு நல்ல வசதியாக இருந்தது.

அவர் சுருளைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்தார். தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள், இப்படிப்பட்ட ஒரு பெயரை நாங்கள் எடுப்பது தவறு, பிள்ளைகள் உங்கள் பெயரோடு நன்றாக வாழட்டும் என்றார். அவருடைய மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வென்றுவிட்டேன். தேநீர் ஆறியிருந்தது, அதையும் குடித்து முடித்தேன்.

மெல்பேர்ன் வந்து இறங்கிக் காரில் ஏறினோம். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான்: "இலெவன் ஜெனரேஷன்ஸ்? அப்பா, அது நீங்கள்தானே."

"ஓட்டு" என்றேன்.

பத்து நாள் கழித்து மனைவி சொல்லித்தான் அடுத்த விஷயம் தெரியும். மகன் அவளிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. அந்த மனுஷன் தன் ஊர்க் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்துக் குடும்பக் கல்லறையை மூடும் சடங்கைப் பற்றி விசாரித்திருக்கிறாராம். பெயர் தொடராவிட்டால் பிறகு கல்லறையைப் பார்க்க ஆள் இருக்காது. அதனால் இருக்கிற கடைசி ஆளே கல்லை எடுத்துவிட்டு, அஸ்தியைக் கோயிலிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும் என்று மகளிடம் சொன்னாராம்.

"நீங்கள் சொன்ன பொய்க்கு அந்தாள் தன்ர தாய் தேப்பன்ர கல்லைக் கிளப்பப்போறார்" என்றாள் மனைவி. "கடவுளே, இதை எங்க போய்க் கழுவப்போறீங்கள்?"

வெட்கமாக இருந்தது. கோபத்தைப் போல வெட்கத்தையும் நான் மறைக்கப்போவதில்லை. அடுத்த நாள் மத்தியானம், பாதி முடிந்த ஒரு குடியிருப்பில் காரை நிறுத்திவிட்டு அவருக்கு அழைப்பு எடுத்தேன். என் பொய்யைச் சொன்னேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்ட பெயர் என்னுடைய சொந்தப் பெயர், எனக்கு முன்னால் அதற்கு ஒரு தலைமுறையும் இல்லை, உங்கள் சுருளைப் பார்த்துப் பொறாமையில் சொல்லிவிட்டேன் என்றேன்.



"அப்படியானால் நான் செய்தது இன்னும் பெரிய பிழை" என்றார். "பெயருக்கு உரியவர் என் முன்னால் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்காமல் அவருடைய முன்னோர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருகிற சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா?"

வந்தார். அதே கோட்டு, அதே டை, கையில் ஒரு கேக் பெட்டியும் அந்த மரப்பெட்டியும். மனைவி நல்ல கதிரையைத் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டாள். அவர் அதில் உட்காரவில்லை. எங்கள் வீட்டுக் கார்ப்பெட்டில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றித் தலையைத் தாழ்த்தினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் இறங்கி அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். முழங்கால் நொந்தது.

"உங்கள் பெயரை உங்கள் மகனிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களிடம் அனுமதி கேட்கிறேன்" என்றார்.

அறுபது வயதாகிறது. பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள், பாதியாக வெட்டியிருக்கிறார்கள், வேலையிடத்தில் தங்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கியிருக்கிறார்கள். கேட்டு வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான். ஓம் என்று தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

சுருளை விரித்து, மகளின் பெயருக்குப் பக்கத்தில் என் மகனின் பெயரைத் தூரிகைப் பேனையால் எழுதினார். கோட்டைப் பக்கவாட்டில் இழுத்தார். அதன் அருகே, யாருக்குப் பிறந்தவர் என்ற சின்ன எழுத்தில், என் பெயர். சரியாகச் சொல்கிறேனா என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டிவிட்டு எழுதினார். மகன் என் தோளில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். பேனையை மூடப்போனவர் ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

"உங்கள் அப்பா இருக்கிறாரா? இருந்தால் அவரிடமும் நான் கேட்க வேண்டும்."

அப்பா செத்து ஒன்பது வருடம் என்றேன். அதற்கும் ஒருதரம் தலையைத் தாழ்த்தினார்.

அவர் போன பிறகு மனைவி கேக்கை வெட்டினாள், பிள்ளைகள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்கதவடியில் போய் நின்றேன். மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கட்டிலின் ஓரத்தில் வைத்து, ஒரு நிமிடத்தில். அப்பாவின் பெயர் அன்றைக்கு என்னோடு நின்றுபோனது. எங்கள் வழக்கம் அதுதான், அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். அன்று மாலையே அவரோடு பேசினேன். பிள்ளை எத்தனை கிலோ, தலைமயிர் இருக்கிறதா, யாரைப் போல இருக்கிறான் என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, பேர் எழுதியாச்சோ என்று கேட்டார். எழுதியாச்சு என்றேன்.